பூட்டிய தோட்டமும் ஒன்பதாம் வகுப்புப் பெண்களும்

சென்ற இதழில் மழைக்காலக் கஷாயங்களைப் பற்றி எழுதிவிட்டு, "அடுத்த முறை வேறு கதை" என்று முடித்திருந்தேன். நிஜமாகவே ஒரு கதைதான், சகோதரிகளே! மூன்று மாதமாக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் காய்கறி நறுக்கியதைவிட ஒரு நாவலை நறுக்கியதுதான் அதிகம். "இன்னிக்கு ரசம் மட்டும்தானா?" என்று இவர் கேட்ட நாட்கள் உண்டு. "இன்னும் ரெண்டு அத்தியாயம் பாக்கி இருக்கு" என்று நான் பதில் சொன்ன நாட்களும் உண்டு.

விஷயம் இதுதான். என் சின்னவள் படிப்பது பெண்கள் உயர்நிலைப் பள்ளியில். ஆண்டு விழாவுக்கு வருஷா வருஷம் கட்டபொம்மன், இல்லாவிட்டால் கண்ணகி வழக்குரைத்த காட்சி என்று மாறி மாறிப் போடுவார்கள். இந்த வருஷம் தமிழம்மா, "குழந்தைகளுக்காகவே எழுதின நாவல் ஒண்ணை எடுத்துப் போட்டா என்ன?" என்றார். பெண்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தது 'தி சீக்ரெட் கார்டன்'. நூலகத்தில் அதுதான் அதிகமாகக் கிழிந்திருந்ததாம்! "பத்திரிகையில் எழுதறவங்க ஊர்லயே இருக்கறப்போ வசனத்துக்கு ஏன் அலையணும்?" என்று வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எழுதியவர் ஃபிரான்சஸ் ஹாட்ஜ்சன் பர்னெட். 1849-ல் இங்கிலாந்தில் மான்செஸ்டரில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர். நாவல் புத்தகமாக வந்தது 1911-ல். மேரி லென்னாக்ஸ் என்று ஒரு பெண். வெள்ளைக்கார அதிகாரியின் மகள், நம் இந்தியாவில் பிறந்தவள். அம்மாவுக்கு விருந்தும் கேளிக்கையும்தான் முக்கியம். குழந்தை ஆயாவின் கையில் வளர்கிறது, சிடுமூஞ்சியாக. ஒன்பது வயதில் காலரா வந்து ஒரே வாரத்தில் அப்பா, அம்மா, ஆயா எல்லோரும் போய்விட, இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் என்ற இடத்தில் மாமாவின் பெரிய பங்களாவுக்கு அனுப்பப்படுகிறாள். அங்கே பத்து வருஷமாகப் பூட்டிக் கிடக்கிற ஒரு தோட்டம். பூட்டிய அறைக்குள் கிடக்கிற ஒரு பையன், மாமாவின் மகன் காலின். முதுகில் கூன் விழப் போகிறது, சீக்கிரம் செத்துப் போவோம் என்ற பயத்திலேயே படுக்கையில் கிடப்பவன். தோட்டமும் அவனும் உயிர் பெறுகிற கதைதான் பாக்கி.

முதலில் நான் பார்த்தது கதையை அல்ல, சட்டத்தை! சிரிக்காதீர்கள். இந்தப் பர்னெட் அம்மாளே இதில் அடிபட்டவர். இவருடைய 'லிட்டில் லார்ட் ஃபாண்ட்லராய்' நாவல் சக்கைப்போடு போட்டபோது, 1888-ல் லண்டனில் ஒருவர் இவரைக் கேட்காமலே அதை நாடகமாகப் போட்டுவிட்டார். அந்தக் காலச் சட்டப்படி நாவலை யார் வேண்டுமானாலும் நாடகமாக்கலாம். ஆனால் நாடகப் பிரதியில் நாவலின் பக்கங்களை அப்படியே எழுதி நகல் எடுத்திருந்தார்களே, அது குற்றம் என்று வழக்குப் போட்டு ஜெயித்தார் இந்த அம்மாள்! அதே வருஷம் தானே அதை நாடகமாக எழுதி மேடையும் ஏற்றினார். நாவலை நாடகமாக்கும் உரிமையும் எழுதியவருக்கே என்று இங்கிலாந்தில் சட்டம் வந்தது 1911-ல். இந்த நாவல் வந்த அதே வருஷம்.

நமக்கு அந்தக் கவலை இல்லை. நம் நாட்டில் எழுத்தாளரின் ஆயுளுக்குப் பிறகு அறுபது வருஷம்தான் உரிமை. இவர் காலமானது 1924-ல். ஆனால் ஒன்று, இதே கதையை 1991-ல் அமெரிக்காவில் பாட்டு நாடகமாகப் போட்டார்களே, அந்த வசனமும் பாட்டும் இன்னும் உரிமை உள்ளவை. "யூட்யூபிலிருந்து பாட்டை எடுத்துப் போட்டுக்கலாம் ஆன்ட்டி" என்று ஒரு குட்டி சொன்னாள். கூடாது என்றேன். மூல நாவலை மட்டும் கையில் வைத்துக் கொண்டு உட்கார்ந்தோம்.

இருபத்தேழு அத்தியாயம், கிடைத்ததோ ஐம்பது நிமிஷம்! ஏழு காட்சி என்று முடிவு செய்தோம். மாமாவின் வெளிநாட்டுப் பயணம், நூறு அறைகளில் மேரி சுற்றுவது, சொத்துக்கு வாரிசான டாக்டர் சித்தப்பா எல்லாம் போயிற்று. இதைக் கதைப் புடவையில் கிழிசல் விழாமல் மடித்துத் தைப்பது மாதிரி செய்யவேண்டும். வெட்டியது தெரிந்தால் பரவாயில்லை, நழுவக் கூடாது.

வெட்ட முடியாமல் என்னைத் தூங்கவிடாமல் அடித்தது முதல் காட்சி. மேரி ஆயாவை அடிக்கிறாள், கேவலமாகத் திட்டுகிறாள். பிறகு யார்க்‌ஷயரில் வேலைக்காரப் பெண் மார்த்தா, "இந்தியாவிலிருந்து வருகிறாயே, கறுப்பாக இருப்பாய் என்று நினைத்தேன்" என்று வெள்ளந்தியாகச் சொல்ல, மேரி கொதித்துப் போய், அந்த ஊர் ஜனங்கள் மனிதர்களே இல்லை என்கிற மாதிரி பேசுகிறாள். நம் பெண்களை வைத்துக் கொண்டு இதை எப்படிச் சொல்ல வைப்பது? "எடுத்துடுங்களேன்" என்றார் ஒரு ஆசிரியை. எனக்கு மனம் வரவில்லை. இவ்வளவு மோசமான குழந்தை என்று தெரிந்தால்தானே பின்னால் அவள் மாறுவது தெரியும்? சர்க்கரை தடவிய மேரியை வைத்துக் கொண்டு என்ன செய்வது?

அப்போது ஒரு பெண் கேட்டாள்: "அந்த ஆயாவுக்குப் பேரே இல்லையா ஆன்ட்டி?"

புத்தகத்தைப் புரட்டினேன். இல்லை! முதல் பக்கங்களிலேயே செத்துப் போகிற அந்தப் பெண்ணுக்குப் பெயரே கிடையாது. ஆனால் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. காலின் தூக்கம் வராமல் தவிக்கும்போது மேரி அவன் கையைத் தடவி, ஆயா தனக்குப் பாடிய இந்துஸ்தானித் தாலாட்டைப் பாடித் தூங்க வைக்கிறாள். ஊர் விட்டு ஊர் வந்த குழந்தையிடம் அன்பு என்று இருந்தது அந்தப் பெயரில்லாத பெண் கொடுத்தது மட்டும்தான் போலிருக்கிறது. எங்கள் நாடகத்தில் முதல் காட்சியில் ஆயா ஒரு தாலாட்டை வாய்க்குள் முணுமுணுப்பாள். அதே மெட்டை மேரி பாடுவாள். பாடி முடித்ததும் நான் சேர்த்தது ஒரே ஒரு வசனம்: "அவ பேரு என்னன்னு நான் கேட்டதே இல்லை." நாவலில் இல்லாததை நாங்கள் சேர்த்தது அநேகமாக அதுதான்.

அடுத்த தலைவலி பேச்சு. மார்த்தாவும் அவள் தம்பி டிக்கனும் பேசுவது யார்க்‌ஷயர் பேச்சு. பங்களாக்காரர்கள் பேசுவது வேறு. கதையில் அது வெறும் அலங்காரமல்ல. காய்ந்து கிடக்கிற தோட்டத்தில் டிக்கன் ஒரு கிளையைக் கத்தியால் சீவி, உள்ளே பச்சை தெரிவதைக் காட்டி, உயிர் இருக்கிறது என்பதற்கு அவர்கள் ஊர் வார்த்தை ஒன்றைச் சொல்வான். மேரி அந்த வார்த்தையைப் பிடித்துக் கொள்வாள். தமிழில் எந்தப் பேச்சைக் கொடுப்பது?

எங்கள் பள்ளியில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து குடி வந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள். வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். திறந்தால் மற்றவர்கள் அவள் பேச்சைச் சொல்லிக் காட்டிச் சிரிப்பார்களாம். அவளிடம் ஒரு காய்ந்த செம்பருத்திக் குச்சியைக் கொடுத்து, "உங்க ஆச்சி இதை என்ன சொல்வாங்க?" என்று கேட்டேன். நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, "பட்டுப்போவல. உள்ள உசுரு கெடக்கு, பாத்துக்கிடுங்க" என்றாள். டிக்கன் கிடைத்துவிட்டான்! அப்புறம் பாருங்கள், நாடகத்தில் மேரி ஆசைப்பட்டு அந்தப் பேச்சைக் கற்றுக் கொள்ள வேண்டும் என்பதால், இவள்தான் எல்லோருக்கும் வாத்தியாரம்மா. ஒத்திகை முடிந்து வீட்டுக்கு வந்த என் சின்னவள், "சாம்பார்ல உப்பு கூடிட்டு, பாத்துக்கிடுங்க" என்றாள். உப்பு அப்படியொன்றும் கூடவில்லை என்பது வேறு விஷயம்.

இனிமேல் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

வசனம் முக்கால்வாசி ஆனபோது ஒரு மத்தியானம் வீட்டுக்கு ஒரு தாய் வந்தாள். அவள் பெண் அதே ஒன்பதாம் வகுப்பு. சக்கர நாற்காலியில் வருகிற குழந்தை. பிறக்கும்போதே முதுகுத்தண்டு முழுதாக மூடாமல், முதுகில் கட்டியோடு பிறந்தவள். பிறந்த சில நாளிலேயே ஆபரேஷன். உயிர் பிழைத்தாள், கால்கள் இயங்கவில்லை.

காபியைக் கையில் வைத்துக் கொண்டே கேட்டாள்: "அக்கா, கடைசியில அந்தப் பையன் நாற்காலியை விட்டு எழுந்து ஓடுவானாமே? எல்லாரும் கை தட்டுவாங்க. என் பொண்ணும் அங்கதான் உக்காந்திருப்பா. வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டா நான் என்னக்கா சொல்றது? சின்ன வயசுல இருந்து எத்தனை கோவில், எத்தனை வைத்தியம்... ஒருத்தர் விடாம 'நம்பிக்கை வச்சா நடப்பா'ன்னு சொல்லிட்டாங்க. இப்ப நாடகமும் சொல்லணுமா?"

என்ன பதில் சொல்வது? அன்று ராத்திரி மறுபடி புத்தகத்தை எடுத்தேன், அவள் கண்ணோடு படித்தேன். இரண்டு விஷயம் தெளிவாகத் தெரிந்தது.

ஒன்று, காலின் நடக்க முடியாத பையனே இல்லை. லண்டனிலிருந்து வந்த பெரிய டாக்டர் ஒருவர், அவன் முதுகில் மாட்டியிருந்த இரும்பைக் கழற்றுங்கள், நல்ல காற்றில் விடுங்கள் என்று எப்போதோ சொல்லிவிட்டார். பயந்த வீடும், முகம் கொடுக்காத அப்பாவும், 'பிழைக்காது' என்று அவன் காது படப் பேசிய வேலைக்காரர்களும்தான் அவனைப் படுக்கையில் போட்டது. வருஷக் கணக்கில் படுத்தே கிடந்தால் நல்ல கால்களும் மெலிந்துதான் போகும். ஆபரேஷன் ஆன மறுநாளே டாக்டர்கள் எழுந்து நடக்கச் சொல்வது அதனால்தானே? இதை நாடகத்தில் ஜாடையாக விட்டால் போதாது, பளிச்சென்று சொல்லியாக வேண்டும். அந்த லண்டன் டாக்டர் காட்சியை முன்னால் கொண்டு வந்து வைத்தேன்.

இரண்டாவது, பின்பாதியில் 'மந்திர சக்தி' என்று பக்கம் பக்கமாக வருகிறது. நல்லதையே நினைத்தால் நோய் ஓடிவிடும் என்கிற மாதிரி. பர்னெட் அம்மாளுக்கு அந்தக் காலத்து மனோசக்தி வைத்தியக் கூட்டங்களில் ஈடுபாடு இருந்தது. பதினாறு வயது மூத்த மகனை 1890-ல் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். பிழைத்து எழுந்து ஓடுகிற ஒரு பையனை அவர் எழுத ஆசைப்பட்டது எனக்குப் புரிகிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் பயத்தால் படுத்தவன் தைரியத்தால் எழலாம். நரம்பு இல்லாத இடத்தில் நினைப்பு என்ன செய்யும்? அந்தப் பக்கங்களை ஒரு வரி விடாமல் வெட்டினேன்.

"காலினைக் கடைசி வரைக்கும் நாற்காலியிலேயே வைத்துவிடலாமே" என்று ஒரு யோசனையும் வந்தது. அப்படிச் செய்தால் அது வேறு கதை. பையன் ஓடிவந்து அப்பாவின் மேல் மோதுவதில்தான் இந்தக் கதையே முடிகிறது. அதைத் தொட நான் சம்மதிக்கவில்லை.

இதற்குள் வேஷம் கொடுக்கும் நாள் வந்தது. "மேரிக்கு யார் யார்?" என்று தமிழம்மா கேட்க, பதினோரு கைகள் உயர்ந்தன. அதில் ஒரு கை சக்கர நாற்காலியிலிருந்து! எல்லோரும் ஒரு நிமிஷம் அமைதியாகிவிட்டோம். "உனக்கு ராபின் குருவி நல்லா இருக்குமேடா. உக்காந்தபடியே கதை சொல்லலாம்" என்றார் ஆசிரியை, பிரியமாகத்தான். அந்தப் பெண் தலையை ஆட்டினாள்.

"எனக்குக் குருவி வேண்டாம் மிஸ். எல்லாரும் என்னை நல்ல பொண்ணு, பொறுமையான பொண்ணுன்னே சொல்றாங்க. மேரிக்குத்தான் கத்தற சீன் இருக்கு."

கத்துகிற காட்சி என்றால், ராத்திரி நேரம் காலின் முதுகில் கட்டி வந்துவிட்டது என்று வீடே அதிர ஊளையிடுவான். யாரும் கிட்டே போகப் பயப்படுவார்கள். மேரி புயல் மாதிரி நுழைந்து அவனுக்கு மேல் கத்தி, சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்து, ஒரு கட்டியும் இல்லை என்று போடுவாள் ஒரு போடு! "படிச்சுக் காட்டு" என்று தாளைக் கொடுத்தோம். படித்தாள் பாருங்கள்... அடுத்த அறையில் எட்டாம் வகுப்புக் கணக்கு டீச்சர் எட்டிப் பார்த்தார். மற்ற பத்துக் கைகளும் தானாக இறங்கிவிட்டன. என் பெண்ணின் கையும் அதில் ஒன்று. அவளுக்கு வீட்டு நிர்வாகி மெட்லாக் அம்மாள் வேஷமும் ஒரு கொத்துச் சாவியும் கிடைத்தன.

அப்புறம் அவள் என்னிடம் தனியாகச் சொன்னது: "முதுகுல கட்டின்னா என்னன்னு எனக்குத் தெரியும் ஆன்ட்டி. இல்லாதவன் இருக்குன்னு அழுதா கோபம் வராதா?"

ஆக, மேரியும் சக்கர நாற்காலியில், காலினும் சக்கர நாற்காலியில். காலினுடையது பழைய பிரம்பு நாற்காலிக்கு சைக்கிள் சக்கரம் மாட்டியது. அதை டிக்கன் தள்ளுவான். மேரி தன்னுடையதைத் தானே உருட்டிக் கொண்டு போவாள். வசனத்தில் அதற்கென்று ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. ஸ்கிப்பிங் கயிற்றைத்தான் இழந்தோம். மார்த்தாவின் அம்மா, பன்னிரண்டு பிள்ளை பெற்றவள், மார்த்தா கொண்டுவந்து கொடுத்த சம்பளத்தில் இரண்டு பென்ஸ் எடுத்து, முகம் தெரியாத மேரிக்கு வாங்கி அனுப்புகிற கயிறு அது. ஆரோக்கியப் பக்கம் எழுதுகிறவளுக்கு அதை விட மனசே வரவில்லை. கயிற்றுக்குப் பதில் ஒரு சின்ன மண்வெட்டி என்று மாற்றினோம்.

விஷயம் வெளியே தெரிந்ததும் பேச்சு கிளம்பியது. "பாவம், அந்தக் குழந்தையை ஏன் சிரமப்படுத்தணும்?" "பாக்கறவங்க மனசு கஷ்டப்படுமே." பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் இப்படிச் சொன்னபோது தலைமை ஆசிரியை, "ஐம்பது நிமிஷம்தானே, கஷ்டப்படட்டும்" என்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக் கொண்டே சொன்னார். அந்த அம்மாளுக்கு ஒரு மாலை போட வேண்டும்!

மேடைதான் நிஜப் பிரச்னை. மூன்றடி உயரம். சக்கர நாற்காலி தானாக ஏறுகிற சரிவுப் பாதை என்றால் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். ஆக முப்பத்தாறு அடி! பக்கவாட்டில் இருந்த இடம் பதினைந்தடி. "நாலு பேர் தூக்கி விட்டுடலாம்" என்றார்கள். "என்னை மூட்டையா தூக்கினா மேரி எப்படி ராங்கிக்காரியா இருப்பா?" என்று அந்தப் பெண்ணே கேட்டுவிட்டாள். கடைசியில் மேடையை விட்டு நாங்கள் கீழே இறங்கிவிட்டோம்! கூடத்துத் தரையில் நடிப்பு, மூன்று பக்கமும் ஜமுக்காளத்தில் ஜனங்கள், பின்னால் பெஞ்சு. தெருக்கூத்து ஆடுகிறவர்களுக்கு மேடை ஏது? (பள்ளிக் கட்டடங்களுக்குள் எல்லாரும் சுலபமாகப் போய்வர வசதி வேண்டும் என்று 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. உங்கள் குழந்தையின் பள்ளிக்கூடத்து வாசற்படியை ஒருமுறை பார்த்து வையுங்கள்.)

அந்தத் தாயிடம் நான் கற்றுக் கொண்டது நிறைய. ஒத்திகை எவ்வளவு சுவாரஸ்யமாகப் போனாலும் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை குழந்தை பாத்ரூம் போயாக வேண்டும், உணர்ச்சி தெரியாததால் கடிகாரம்தான் கணக்கு. ஒரே இடத்தில் அழுந்தி உட்கார்ந்தால் புண் வரும், அதனால் அடிக்கடி கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும். அதையே மேரியின் கோபத்துக்கு ஒரு பாவனையாக ஆக்கிக் கொண்டாள் கெட்டிக்காரி! இன்னொன்று நான் கேள்விப்பட்டதே இல்லை. அலங்காரத்துக்கு பலூன் ஊதிக் கொண்டிருந்தபோது அந்தத் தாய் ஓடிவந்து, "பலூன் வேண்டாம்க்கா!" என்றாள். முதுகுத்தண்டுக் குறையோடு பிறந்து பல ஆபரேஷன் கண்ட குழந்தைகள் நிறையப் பேருக்கு ரப்பர் பால் ஒவ்வாமை உண்டாம். பலூன், ரப்பர் கையுறை பட்டால் தடிப்பு, மூச்சுத் திணறல்கூட வரும். காகிதத் தோரணத்துக்கு மாறினோம்.

கல்யாணமாகி, குழந்தைக்குக் காத்திருக்கும் சின்னப் பெண்களுக்கு இங்கேயே ஒரு வார்த்தை. கருவின் முதுகுத்தண்டு மூடுவது கரு உண்டான முதல் நான்கு வாரத்துக்குள். நாள் தள்ளிப் போயிருக்கிறது என்று நீங்கள் கணக்குப் பார்ப்பதற்குள் அது நடந்து முடிந்துவிடும்! அதனால்தான் ஃபோலிக் ஆசிட் மாத்திரையைக் கரு உண்டாவதற்கு முன்பிருந்தே எடுக்கச் சொல்கிறார்கள். பொதுவாகத் தினம் 400 மைக்ரோகிராம். முன்பு இப்படி ஒரு குழந்தை பிறந்த குடும்பமானால் அளவு அதிகம், டாக்டர்தான் சொல்ல வேண்டும். கீரை, பயறு சாப்பிடுவது நல்லதுதான், ஆனால் மாத்திரைக்குப் பதிலாகாது. மாத்திரை ஆபத்தை வெகுவாகக் குறைக்கும், அறவே இல்லாமல் செய்துவிடாது. ஆகவே இப்படிப் பிறந்த குழந்தையின் தாயைப் பார்த்து, "நீ என்ன சாப்பிட்டாய், கிரகணத்தில் வெளியே வந்தாயா?" என்று விசாரிக்கும் மாமிகள் தயவுசெய்து வாயை மூடிக் கொள்ளவும்.

தோட்டத்துக்கு வருவோம். குளிர்காலத்தில் செத்த மாதிரி கிடப்பது வசந்தத்தில் பச்சையாக வேண்டும், அதுவும் செலவில்லாமல்! வீடு வீடாகப் பழைய புடவை கேட்டோம். இருபத்திரண்டு வந்தது. சாக்குத் துணியின் பின்பக்கம் பச்சைப் புடவைத் துண்டுகளைத் தைத்து மூங்கில் கழிகளில் தொங்கவிட்டோம். ஒவ்வொரு காட்சிக்கும் நாலைந்தைத் திருப்பிவிட வேண்டியதுதான். கடைசிக் காட்சியில் ஒன்றுகூடச் சாக்கு இல்லை. தன் கல்யாணக் கூறைக்கு அடுத்தபடியாக வைத்திருந்த கிளிப்பச்சைப் புடவையைக் கொடுத்த ஒரு பாட்டி, நாடகம் முழுக்க, "அதோ என் புடவை!" என்று பக்கத்தில் இருப்பவரைத் தட்டிக் கொண்டே இருந்தார்.

சாப்பாட்டுக் காட்சி பெண்களின் செல்லம். காலின் தேறிவருவது வீட்டில் தெரியக் கூடாது என்று, பசியை அடக்கிக் கொண்டு பங்களாச் சாப்பாட்டைத் திருப்பி அனுப்புவார்கள். டிக்கனின் அம்மா ரகசியமாகப் பாலும் ரொட்டியும் கொடுத்தனுப்புவாள், மண்ணில் குழி வெட்டி உருளைக்கிழங்கு சுடுவார்கள். நாங்கள் ஒத்திகைக்கு நிஜமாகவே சுட்ட கிழங்கு, வேர்க்கடலைச் சுண்டல், மோர் என்று முறை வைத்துக் கொண்டோம். பாக்கெட் சிப்ஸ் கூடத்துக்குள் வரக் கூடாது என்பது என் ஒரே நிபந்தனை. முதல் வாரம் முணுமுணுத்தார்கள். பிறகு பாத்திரம் வழித்துக் காலி!

விழா அன்று மைக் இரண்டு முறை கீச்சிட்டது. காலினின் அப்பாவுக்கு ஒட்டிய மீசை பாதியில் தொங்கியது. அதை அவள் சோகமாகத் தடவி ஒட்டிக் கொண்டதில் ஒரு சிரிப்பலை. ஆனால் அந்த ராத்திரிக் காட்சி... மேரி நாற்காலியை உருட்டிக் கொண்டு பாய்ந்து வந்து, கட்டில் ஓரத்தில் மோதி நிறுத்தி, கத்தினாள். மைக்கே தேவைப்படவில்லை. குழந்தைகள் அசையவில்லை. காலினின் சட்டையைத் தூக்கி, விரலால் முதுகெலும்பை ஒவ்வொன்றாக எண்ணினாள். அந்த எண்ணுவதை நான் எழுதவில்லை, அவளே செய்தாள். எண்ணி முடிக்கும் வரை கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

முடிவில் காலின் ஓடியபோது எல்லோரும் கை தட்டினார்கள். எதிர்பார்த்ததுதான். ஓடுகிற அவனை யாரும் கவனிப்பதற்குள், தோட்டத்துக் கதவைப் பூட்டிச் சாவியைத் தன் மடியில் போட்டுக் கொண்டு, "கதவைச் சாத்தாம ஓடறான் பாரு, ஆடு மேஞ்சிடும், பாத்துக்கிடுங்க!" என்று மேரி சபையைப் பார்த்து அதட்டினாளே, அதற்கு வந்த கைதட்டல் இரண்டு மடங்கு. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தத் தாய் கை தட்டவில்லை. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக் கொண்டு சிரித்தாள். "வீட்லயும் இப்படித்தான்க்கா. என்னை ஒரு நிமிஷம் நிம்மதியா விடமாட்டா" என்றாள்.

மறுநாள் காலை அவளிடமிருந்து போன். கத்திக் கத்திக் குழந்தைக்குத் தொண்டை கட்டிவிட்டதாம், என்ன கொடுக்கலாம் என்று கேட்டாள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்புளிக்கச் சொல்லு, ஐஸ் தண்ணீர் வேண்டாம், இரண்டு நாள் வாயைத் திறக்காமல் இருக்கட்டும் என்றேன். சாயங்காலம் விசாரித்தேன். கொப்புளித்தாளாம். வாயைத் திறக்காமல் இருந்தது அரை மணி நேரம்.